மாரி காலத்தில் இரும்பைக் கறளிலிருந்து காத்தல்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் தோட்டங்களுக்குமான கேள்வி பதில்கள்

குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, கோடாலி, நீர் இறைக்கும் இயந்திரம், தையல் மெஷின், சைக்கிள் என்று வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள இரும்புப் பொருட்கள் கறள் பிடிப்பது பற்றி அந்த மாதங்களில் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் இரும்பு இவ்வளவு விரைவாகக் கறள் பிடிப்பதற்குக் காரணம் என்ன?

உப்பு. இரும்பு கறள் பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் போதும் என்றாலும், அந்த நீரில் உப்புக் கரைந்திருந்தால் மின்னேற்றம் எளிதாகக் கடந்து செல்வதனால் அரிப்பு பல மடங்கு விரைவடைகிறது. குடாநாட்டில் எந்த ஊரும் கடலிலிருந்தோ கடல்நீரேரியிலிருந்தோ வெகு தொலைவில் இல்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று நுண்ணிய உப்புத் துகள்களை உள்ளூர் வரை கொண்டுவந்து, கூரைத் தகரத்திலும் யன்னல் கம்பியிலும் கொட்டிலில் சாத்திய மண்வெட்டியிலும் படியவைக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆகையால் எவரும் அதைப் பொருட்படுத்துவதுமில்லை.

இந்த உப்பு வெறுமனே படிந்து கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைக் கடந்ததும் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். ஆகவே கடற்காற்றுப் பட்ட இரும்பின் மேற்பரப்பு, கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும், எந்நேரமும் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்றைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. மழை தொடங்கும்போது கறள் புதிதாக வருவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் சோளகம் விதைத்ததை வாடை அறுவடை செய்கிறது.

முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்த கருவியைவிட, தாழ்வாரத்தில் பத்திரமாக வைத்த கருவியில் கறள் அதிகமாக இருந்தது. இது எப்படி நடக்கும்?

இது பலரும் கண்டிருக்கக்கூடிய, ஆனால் நம்பத் தயங்கும் விடயம். பெருமழை இரும்பை நனைப்பதோடு அதன் மீதுள்ள உப்பையும் கழுவிக்கொண்டு போகிறது. தாழ்வாரத்தில் வைத்த பொருளுக்கு அந்தக் கழுவல் கிடைப்பதில்லை. உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேர்கிறது. இரவின் ஈரமும் அதிகாலைப் பனியும் அதைக் கரைத்துக் கொடுக்கின்றன. தகரக் கூரையின் மேற்பக்கம் நன்றாக இருக்கும்போதே அதன் உட்பக்கம், குறிப்பாக மழை படாத விளிம்பு, பொரிந்து உதிர்வதற்கும் இதுவே காரணம்.

இதனால் மழை நாட்களைவிட மார்கழி, தை மாதங்களின் பனிக்காலத்துக்கே நான் அதிகம் அஞ்சுவேன். பனி நனைக்கும், கழுவாது. இதற்காகக் கருவியை மழையில் போட வேண்டும் என்று எவரும் பொருள்கொள்ளக் கூடாது. கூரைக்குள் வைத்தால் போதும் என்ற நிம்மதி வேண்டாம் என்பதே சொல்லவருவது.

மாரிக்கு முன் எதை முதலில் செய்ய வேண்டும்?

கழுவ வேண்டும். எண்ணெய் பூசுவது எல்லாருக்கும் தெரியும். கழுவாமல் பூசுவதுதான் தவறு. உப்பின் மேல் எண்ணெய் பூசினால், உப்பும் அது இழுத்த ஈரமும் எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே அகப்பட்டு, வெளியே மினுமினுப்பாகவும் உள்ளே கறளாகவும் வேலை நடக்கும். புரட்டாதி முடிவதற்குள், வெயில் நன்றாக உள்ள ஒரு நாளில், மண்ணையும் பழைய எண்ணெயையும் தேங்காய்த் தும்பாலும் சவர்க்காரத்தாலும் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி, துணியால் துடைத்து, தொட்டால் சுடும் அளவுக்கு வெயிலில் காயவைத்த பின்னர், சூடு ஆறுவதற்கு முன்பே எண்ணெய் பூசுவது சிறந்தது. சூட்டில் எண்ணெய் இளகி நுண்ணிய குழிகளுக்குள்ளும் இறங்கும். பிடி பொருத்தப்பட்ட இடத்தைத் தவறவிட வேண்டாம். மண்வெட்டியின் காதுக்குள்ளும் கோடாலியின் கண்ணுக்குள்ளும் மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதனால், வெளியில் பளிச்சென்று இருக்கும் கருவி அங்கேதான் முதலில் இற்றுப்போகும்.

மாரி தொடங்கிய பின் ஒவ்வொரு பாவிப்புக்குப் பிறகும் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. மண்ணைக் கழுவி, துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு முறை இழுத்துவிட்டால் போதும்.

எங்கள் கிணற்று நீரில் கழுவலாமா?

கிணற்றைப் பொறுத்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நமது நிலத்தடி நீர் பொதுவாகக் கடினமானது. அதில் உள்ள சுண்ணாம்பு இரும்புக்குப் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் தீவுப் பகுதிகளிலும் கரையோர ஊர்களிலும் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். அந்த நீரில் அலசி அப்படியே உலர விட்டால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் இரும்பில் தங்கும். அத்தகைய இடங்களில் முதல் கழுவலைக் கிணற்று நீரிலும் கடைசி அலசலைப் பிடித்துவைத்த மழைநீரிலும் செய்யலாம். கூரையிலிருந்து வரும் முதல் நீரில் கூரையின் உப்பும் கலந்திருக்கும் என்பதனால், மழை சிறிது நேரம் பெய்த பின் பிடிப்பதே சரி.

எந்த எண்ணெய் நல்லது? தேங்காயெண்ணெய் போதாதா?

சமையலறைப் பொருட்களுக்குத் தேங்காயெண்ணெயே பொருத்தம். தோசைக்கல், கத்தி, துருவலை ஆகியவற்றில் உணவு படுவதனால் இயந்திர எண்ணெய் எதையும் அங்கே பாவிக்கக் கூடாது. தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் ஏறத்தாழ 90 வீதம் இருப்பதனால், அது மற்றத் தாவர எண்ணெய்களைப் போல விரைவில் பிசுபிசுத்துப் படலமாக மாறுவதில்லை. நல்லெண்ணெய் அவ்வாறல்ல, சில வாரங்களில் பசை போலாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆயினும் நுண்ணிய அசைவுள்ள இயந்திரங்களுக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். தை மாத இரவுகளில் நமது வீடுகளில் போத்தலுக்குள்ளேயே அது வெண்மையாகக் கட்டுவதைக் காணலாம். தையல் மெஷினுக்குள் உறைந்தால் சக்கரம் இறுகும். அங்கே தையல் மெஷின் எண்ணெயே வேண்டும். நீண்ட காலம் எடுக்காமல் வைக்கப்போகும் கருவிகளுக்குக் கிரீஸ் சிறந்தது. பார்வைக்கு அழகில்லை, கையில் ஒட்டும், ஆனால் ஒரு மாரி முழுவதும் தாங்கும்.

மண்ணெண்ணெய் கழுவுவதற்கு உரியது, காப்பதற்கு உரியதன்று. அழுக்கையும் பழைய கிரீசையும் நன்றாக நீக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடும். பின்னால் நிற்பது வெறும் இரும்பு. மண்ணெண்ணெயில் கழுவிய பொருளுக்கு அன்றைக்கே வேறு எண்ணெய் பூச வேண்டும்.

மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை மண்வெட்டிக்குப் பூசும் வழக்கம் பரவலாக உள்ளது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிதலால் உண்டான அமிலங்கள் அதில் கலந்திருப்பதனால் இரும்புக்கே அது முழு நன்மை செய்வதில்லை. தோலில் நெடுங்காலம் படுவது புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமது மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் எடுப்பதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015ஆம் ஆண்டளவில் எவ்வளவு பெரிய துன்பமானது என்பதைக் கண்ட நாம், சிறு அளவென்றாலும் அதைக் கிணற்றடியில் சிந்துவது பொருந்தாது.

கடையில் விற்கும் டபிள்யூடி-40 போன்ற தெளிப்பான் ஒன்றே போதாதா?

அது 1953இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. பெயரிலுள்ள முதலெழுத்துகள் நீரை அகற்றுதலையும், 40 என்பது நாற்பதாவது முயற்சியையும் குறிக்கின்றன. அதற்கு உரிய வேலையும் அதுவே. நனைந்த பூட்டு, சங்கிலி, சுவிட்சு ஆகியவற்றின் இடுக்கிலிருந்து நீரை வெளியேற்றுவதில் அது மிக நல்லது. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. கடற்காற்றுப் படும் இடத்தில் ஒரு மாரியைத் தாங்காது. தெளித்து, நீரை ஓட்டி, துடைத்துவிட்டு, அதன் மேல் எண்ணெயோ கிரீசோ பூசுவதே முறை.

கருவிகளை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

தொங்கவிட வேண்டும். இவ்வளவுதான் என்று நிறுத்திவிடலாம். ஆனால் வைக்கக் கூடாத இடங்கள் பல இருப்பதனால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீமெந்து நிலம் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதில் நிறுத்திய அலவாங்கின் முனை எப்போதும் நனைந்தே இருக்கும். சுவரில் சாத்துவதாக இருந்தால் அந்தச் சுவரைப் பாருங்கள்: அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து, பூச்சு உதிர்ந்திருந்தால் அது உப்பு. உப்பு மணல் கலந்து பூசிய பழைய வீடுகளில் இது சாதாரணம். அத்தகைய சுவரில் இரும்பு படவே கூடாது.

பொலித்தீனில் சுற்றிக் கட்டுவது பலரும் செய்யும் காரியம். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல், பகலில் ஆவியாகி இரவில் இரும்பின் மேலேயே நீர்த்துளியாகப் படியும். சாக்கில் சுற்றினால் சாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். உரப்பையோ இன்னும் கொடியது. பொட்டாசிய உரம் என்பது பொட்டாசியம் குளோரைட்டு, அதாவது உப்பின் இனமே. எவ்வளவு உதறினாலும் தையலோரத்தில் தூள் நிற்கும். எண்ணெய் பூசிய பின் ஏதாவது கொண்டு மூட வேண்டுமென்றால் எண்ணெய் தோய்த்த கடதாசியோ மெல்லிய பருத்தித் துணியோ போதும்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைக் கருவிகள் உள்ள அறையில் வைக்காதீர்கள். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அதிலிருந்து வரும் ஆவி அந்த அறையிலுள்ள இரும்பு அனைத்தையும் சில நாட்களில் செந்நிறமாக்கிவிடும். உழவு இயந்திரத்தின் பற்றறிக்கும் இதுவே பொருந்தும்.

காற்று ஓடும் கொட்டிலே இரும்புக்கு ஏற்ற இடம். கிடுகால் வேய்ந்த கொட்டிலில் தகரக் கொட்டிலைவிடக் கறள் குறைவு என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இரவில் தகரம் விரைவாகக் குளிர்ந்து, அதன் உட்பக்கத்தில் திரளும் நீர் கீழே உள்ள பொருள்மீது சொட்டும்; கிடுகில் அவ்வாறு நிகழ்வதில்லை.

அலுமாரிக்குள் அரிசியோ சிலிக்கா ஜெல்லோ வைக்கலாமா?

அரிசியால் பயன் மிகக் குறைவு. பூச்சி வருவதே மிச்சம். சிலிக்கா ஜெல் நல்லது, ஆனால் காற்றுப் புகாத பெட்டிக்குள் மட்டுமே. திறந்து மூடும் அலுமாரியில் அது ஓரிரு நாளில் நிறைந்துவிடும். நிறம் மாறியதும் 120 பாகை அளவில் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம். அலுமாரிக்கு வேறொரு வழி உண்டு: உள்ளே எதிலும் படாதவாறு சிறிய வெப்பமின்குமிழ் ஒன்றை எரியவிடுதல். 27 பாகையில் 85 வீத ஈரப்பதனுள்ள காற்றை 32 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறத்தாழ 64 வீதத்துக்கு இறங்கிவிடும். எல்ஈடி குமிழில் இந்தச் சூடு கிடைக்காது. சுட்ட சுண்ணாம்பை ஈரம் உறிஞ்ச வைக்கும் யோசனையைத் தவிர்க்கவும். நீர் பட்டால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும்.

ஏற்கனவே கறள் பிடித்ததை எப்படி நீக்குவது?

மேலோட்டமான செங்கறள் சாண்ட்பேப்பருக்கோ, எண்ணெய் விட்டுத் தேய்த்த செங்கல் தூளுக்கோ போய்விடும். ஆழமானதற்கு வினாகிரியில் ஓர் இரவு ஊறவைக்கலாம். பழப்புளிக் கரைசலும் மெதுவாக அதே வேலையைச் செய்யும். காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த நீரில் அமிலத்தை முறித்து, அலசி, உடனே சூடாக்கி உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். அமிலத்திலிருந்து எடுத்த வெறும் இரும்பு நிமிடக் கணக்கில் மீண்டும் மஞ்சளிக்கும். இந்த இடத்தில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது.

வில்லுச்சுருள், வாள் அலகு போன்ற கடினமாக்கப்பட்ட உருக்கை அமிலத்தில் இடக் கூடாது. ஐதரசன் புகுந்து உருக்கு நொறுங்கும் தன்மையடையலாம். நாகப் (துத்தநாகப்) பூச்சுள்ள வாளியையும் இடக் கூடாது. கறளுக்கு முன் பூச்சே கரைந்துவிடும்.

வாழைக்காய் வெட்டிய கத்தி கறுத்துப்போகிறது. அதுவும் கறளா?

இல்லை. காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கறுப்பாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்ததும் இவ்வாறுதான். அந்தக் கறுப்பு தீங்கற்றது, சிறிதளவு காப்பும் தரும். பளபளப்பாக்கத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியை மெலியச் செய்வதில் பயனில்லை.

மாரியில் நீர் இறைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. எப்படி வைப்பது?

பலரும் வெளிப்புறத்தைத் துடைத்து மூடிவைக்கிறார்கள். கேடு உள்ளே நடக்கிறது. முதலில் பம்பின் அடிப்பக்கத்து ஆணியைக் கழற்றி, தேங்கிய நீரை முழுமையாக வடிக்க வேண்டும். உவர்நீர் இறைத்ததென்றால் அதற்கு முன் நல்ல நீரைச் சில நிமிடம் இறைக்கவிட வேண்டும். தாங்கியிலும் காபரேற்றரிலும் உள்ள எரிபொருளை வடிக்கவும். பின்னர் தீப்பொறி பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி புதிய என்ஜின் எண்ணெய் விட்டு, இயந்திரத்தை இயக்கும் கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தால் சிலிண்டர்ச் சுவரில் எண்ணெய் பரவும். பிளக்கைப் பூட்டி, கயிறு இறுக்கமாக உணரப்படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். நாலடிப்பு (4-stroke) இயந்திரங்களில் அந்த நிலையில் வால்வுகள் மூடியிருப்பதனால் ஈரக்காற்று உள்ளே போகாது. தையில் எடுக்கும்போது முதலில் சற்றுப் புகைக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைக்கவும். வெளியே நிற்கும் எண்ணெய் மணலைத்தான் சேர்க்கும். ஆசனத் தண்டைக் கழற்றிக் கிரீஸ் பூசிப் போடவும். இல்லையேல் சட்டகத்துடன் ஒட்டிப் பிடித்துவிடும். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப் பக்கம் போய்வருபவர்கள் கிழமைக்கு ஒரு முறையாவது நல்ல நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அனுமதிப்பத்திரம் பெற்ற வேட்டைத் துப்பாக்கிக்கும் இதே முறையா?

அடிப்படை ஒன்றே. வன்னியில் வயல் உள்ள சிலரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி இருப்பதனால் இக்கேள்வி எழுகிறது. தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே தொட வேண்டும். குழாயின் கருநீல நிறம் இரும்பின் ஒட்சைட்டுப் படலமே. எண்ணெய் இல்லாமல் அது தனித்து நின்று காக்காது. கைவியர்வையிலும் உப்பு உள்ளதால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். தோலுறையிலோ துணியுறையிலோ மாரி முழுவதும் வைத்தால் உறை பிடித்த ஈரம் குழாயில் புள்ளிப் புள்ளியாகக் கறளை உண்டாக்கும். பழைய வகைத் தோட்டாக்களின் வெடித்தொப்பி குழாய்க்குள் பொட்டாசியம் குளோரைட்டை விட்டுச்செல்லும். அது எண்ணெயில் கரையாது, நீரிலேயே கரையும்; சுடுநீரென்றால் விரைவாகக் கரையும். மீண்டும் பாவிக்கும் முன் குழாய்க்குள் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுப்பது கட்டாயம்.

கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் எப்போது மை (பெயின்ற்) பூசலாம்?

மாசி, பங்குனியில். பனி குறைந்து, சோளகம் தொடங்காத காலம் அது. அப்போதும் கழுவி உலர்த்திய பிறகே. உப்பின் மேல் பூசிய மை ஓர் ஆண்டுக்குள் கொப்புளிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தை என்ன செய்வது?

2008இல் நிசா புயலின்போதும் 2020இல் புரெவியின்போதும் பல வீடுகளில் இது நேர்ந்தது. இயக்கிப் பார்க்கக் கூடாது. மின் மோட்டாரென்றால் இணைப்பைத் துண்டித்து, நல்ல நீரில் சேறு போகக் கழுவி, தகுதியுள்ளவரிடம் உலர்த்திச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். எரிபொருள் இயந்திரமென்றால் எண்ணெயையும் எரிபொருளையும் வடித்து, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, அன்றைக்கே புதிய எண்ணெய் ஊற்றிச் சுழற்ற வேண்டும். அன்றே பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்காவிட்டால், கழற்றிய இரும்புப் பாகங்களைப் பாதி நனைந்த நிலையில் வெளியே வைப்பதைவிட நல்ல நீர் நிறைந்த பாத்திரத்தில் முழுவதும் மூழ்கவைத்திருப்பது மேல். நீரும் காற்றும் சேர்ந்து படும்போதே கறள் வேகம் கொள்ளும். முழுவதும் மூழ்கிய இரும்புக்கு ஒட்சிசன் குறைவாகவே கிடைக்கும். ஓரிரு நாளைக்கு இவ்வாறு வைத்திருந்து, பழுதுபார்ப்பவர் வந்ததும் எடுத்து, அவர் கண்முன்னேயே உலர்த்தி எண்ணெயிடலாம்.